முப்பத்தொரு துண்டுகள்

தம்பி,

நீ போனில் அந்தச் செய்தியைச் சொல்லி முடித்ததும் நான் முதலில் "சரிப்பா" என்றேன். பிறகு "சாப்பிட்டியா?" என்றேன். அதன் பிறகு குக்கர் விசில் அடிக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் அப்போது எதுவுமே இல்லை. கணித ஆராய்ச்சியை விட்டுவிட்டேன், விட்டுச் சில மாதங்கள் ஆகின்றன, ஒரு மருத்துவமனைக்கு மென்பொருள் எழுதும் வேலையில் சேர்ந்திருக்கிறேன் என்று பெற்ற பிள்ளை சொல்லும்போது, அம்மாவின் பதில் குக்கர் விசிலாக இருக்கக் கூடாது. அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் மழையைப் பற்றியும் அப்பாவின் முழங்கால் வலியைப் பற்றியும் மட்டும் பேசினோம். நீயும் அதைக் கவனித்திருப்பாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பேசினால் அழுகை முந்திக்கொள்ளும். எழுதும்போது நிறுத்தி, மூக்கைச் சிந்திவிட்டு, மறுபடி தொடரலாம். முதலில் உனக்குத்தான் அனுப்புகிறேன். படித்துவிட்டு நீ சரி என்றால், உன் பெயரும் என் பெயரும் இல்லாமல் இதை எங்கள் கணக்குக் குழுவில் போடலாம் என்றிருக்கிறேன். பிள்ளைகளைத் தூர தேசத்துக்குப் படிக்க அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கும் அம்மா அப்பாக்கள் அங்கே சிலர் இருக்கிறார்கள். வேண்டாம் என்றால் நம் இருவரோடு இருக்கட்டும்.

அந்தக் குழுவுக்குள் நான் எப்படிப் போனேன் என்பதை உன்னிடம் பாதிதான் சொல்லியிருக்கிறேன். "பொழுது போகலைப்பா" என்றேன். எனக்கா பொழுது போகாது? சேலையூரில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பிறகும் இந்தத் தெருவில் யாருக்குச் சர்க்கரை ஏறினாலும் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு என்னிடம்தான் வருகிறார்கள். உண்மைக் காரணம் வேறு. நீ அங்கே போன முதல் குளிர்காலத்தில் ஒரு நாள், "இன்னிக்கு என்னடா படிச்சே?" என்று கேட்டேன். நீ, "அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியலம்மா" என்றாய். எரிச்சலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே யோசித்துப் பார்த்து, முடியாமல்தான் சொன்னாய். அன்றிலிருந்து நாம் ஸ்வெட்டரையும் அரிசி விலையையும் பேசினோம். உன் பள்ளிக்கூட பெஞ்சில் உன் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்பதுவரை தெரிந்து வைத்திருந்தவள் நான். இப்போது நாள் முழுக்க நீ இருக்கும் இடத்துக்கு எனக்கு வழி தெரியவில்லை. அதுதான் பொறுக்கவில்லை.

ஒரு மத்தியானம் போனில், "கணக்கில் ஆராய்ச்சி என்றால் என்ன செய்வார்கள்" என்று தமிழில் தட்டிப் பார்த்தேன். அப்படித் தேடிப் போய்த்தான் இந்த இணையக் குழு கிடைத்தது. தமிழும் இங்கிலீஷும் கலந்து எழுதுகிறவர்கள். வேலைக்குப் போகிறவர்கள், வாத்தியார்கள், கல்லூரிப் பிள்ளைகள், துபாயில் இருந்து ஒரு கிரேன் ஓட்டுநர் என்று கலவையாக இருந்தார்கள். ஒருவர் ஒரு கேள்வியைப் போடுவார்; மற்றவர்கள் தாளில் போட்டுப் பார்த்துப் படம் எடுத்துப் போடுவார்கள். சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் குரலில் பேசுவார்கள். யாரும் விடையை நேராகச் சொல்லிவிடக் கூடாது, "எதுவரைக்கும் யோசிச்சீங்க?" என்று கேட்க வேண்டும் என்பதுதான் அங்கே சட்டம். பெயர் கேட்டார்கள். சொந்தப் பெயரைக் கொடுக்கப் பயந்து 'மாடம்பாக்கம்' என்று கொடுத்தேன். ஊர்ப்பெயரைப் பார்த்துவிட்டு எல்லோரும் என்னை 'மாடம்பாக்கம் சார்' ஆக்கிவிட்டார்கள். முதல் சனிக்கிழமை நான் வாயைத் திறந்ததும் அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "சார் இல்லைங்க, மேடம்! இனிமே மேடம்பாக்கம்!" என்றான் ஒரு கல்லூரிப் பையன். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

அங்கே நான் போட்ட முதல் கேள்வி இதுதான்: "எல்லாக் கணக்கையும்தான் போட்டு முடித்தாயிற்றே, பிறகு எதற்கு ஆராய்ச்சி?" சிலர் சிரிப்புப் பொம்மைகளைப் போட்டார்கள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அப்போது ஒருத்தி எழுதினாள்: "முடிஞ்சிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும். இந்தக் கேள்வி எனக்கும் பிடிச்சிருக்கு. ஒரு சின்னக் கணக்கு தரேன், போட்டுப் பாருங்க. அப்புறம் நீங்களே சொல்லுங்க, முடிஞ்சுதான்னு." அவள்தான் ஷோபனா. அவளைப் பற்றிப் பின்னால் நிறைய வரும். மேடவாக்கத்தில் ஒரு அடுக்குமாடியில் இருக்கிறாள், கணவனுக்கு ஓ.எம்.ஆர். ரோட்டில் ஒரு கம்பெனியில் வேலை, இரண்டு சின்னப் பெண் குழந்தைகள். அந்தக் குழுவை நடத்துகிறவளே அவள்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

அவள் கொடுத்த கணக்கு கல்யாண மண்டபத்தில் கை குலுக்குவதைப் பற்றியது. யார் யாரோடு எத்தனை தடவை குலுக்கினாலும் சரி, ஒற்றைப்படைத் தடவை கை குலுக்கியவர்களை மட்டும் தனியாக நிறுத்தி எண்ணினால், அந்த எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படையாகவே வரும். ஏன்? நான் அதைத் தலையில் வைத்துக்கொண்டே சமைத்தேன், குளித்தேன், தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போனேன். கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இரண்டு வியாபாரிகள் விலை பேசி முடித்துக் கைகொடுத்துக்கொண்டார்கள். அட, ஒரு கை குலுக்கலுக்கு இரண்டு பேர் வேண்டுமே! ஒவ்வொரு முறையும் மொத்தக் கணக்கில் இரண்டு ஏறுகிறது. அப்படியானால் மொத்தம் எப்போதும் இரட்டைப்படை. ஒற்றைப்படைக்காரர்கள் ஒற்றைப்படை எண்ணிக்கையில் இருந்தால் மொத்தம் ஒற்றைப்படை ஆகிவிடும், அது நடக்காது. நான் தராசுக்காரரிடம் காய்க்குப் பணம் கொடுத்துவிட்டுக் காயை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் நம் நிறுத்தம் போனதும் தெரியவில்லை. அப்பா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கடைசி நிறுத்தத்துக்கு வந்து என்னை ஏற்றிக்கொண்டார். "காய் எங்கடி?" என்றார். "கணக்கு வந்துடுச்சு" என்றேன். "கணக்க கொழம்புல போட முடியுமா?" என்றார்.

அந்த ஞாயிறு உன்னிடம் இதைச் சொன்னேன். நீ எவ்வளவு சிரித்தாய்! அதன் பிறகுதான் நீ உன் விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தாய். முடிச்சுகள். ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டு இரண்டு முனைகளையும் ஒட்டிவிட்டால், அறுக்காமல் அவிழ்க்க முடியுமா, ஒரு முடிச்சை இழுத்து வளைத்து இன்னொரு முடிச்சாக மாற்ற முடியுமா என்றெல்லாம் கேட்டாய். பாவாடை நாடாவை உருவி வைத்துக்கொண்டு நீ சொல்லச் சொல்லப் போட்டுப் பார்த்தேன். அப்பா கதவோரம் நின்று பார்த்துவிட்டு, "நம்ம புள்ள அத்தன வருசம் படிச்சு, கடசீல முடிச்சு போடக் கத்துக்கினு வந்துகீறான்" என்றார். நீ அதைக் கேட்டுவிட்டு அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரித்தது எனக்கு இன்னும் கேட்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் எனக்கு அந்த அரை மணிக்காகவே விடிந்தது. நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று மறைத்ததே இல்லை. அதுதான் உன்னைக் கட்டிப்போட்டது என்று எனக்கு எப்படித் தெரியும்?

அதற்கு நடுவில் நடந்த ஒன்றை நான் உன்னிடம் சொல்லவே இல்லை. வெட்கமாக இருந்தது. இப்போது சொல்கிறேன். ஒரு வட்டம் வரைந்து, விளிம்பில் புள்ளிகள் வைத்து, ஒவ்வொரு புள்ளியையும் மற்ற எல்லாப் புள்ளிகளோடும் கோட்டால் சேர்த்தால் வட்டம் எத்தனை துண்டுகளாகும் என்று யாரோ கேட்டிருந்தார்கள். இரண்டு புள்ளிக்கு இரண்டு துண்டு. மூன்றுக்கு நான்கு. நான்குக்கு எட்டு. ஐந்துக்குப் பதினாறு. ஆறுக்கு முப்பத்திரண்டு என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லும் இல்லையா? இருந்தாலும் நான் ஒழுங்காகப் பெரிய வட்டம் வரைந்து, கலர் பென்சிலால் தீட்டித் தீட்டி எண்ணினேன். முப்பத்தொன்று வந்தது. ஒரு துண்டைக் கண் தவறவிட்டிருப்பேன் என்று நினைத்து, முப்பத்திரண்டு என்று எழுதிக் குழுவில் போட்டுவிட்டேன். "ஒவ்வொரு தடவையும் இரண்டு மடங்கு ஆகும்; ஆறு வரைக்கும் எண்ணிச் சரிபார்த்துவிட்டேன்" என்றும் பெருமையாக ஒரு வரி சேர்த்தேன். பாராட்டுகள் குவிந்தன.

ஷோபனா மட்டும் எழுதினாள்: "ஆறுக்கு எண்ணினீங்களா ஆன்ட்டி? எனக்கு 31 வருது." நான் சூடாகிவிட்டேன். எத்தனை ஆயிரம் ரத்தத் துளிகளைக் கண்ணாடித் தகட்டில் வைத்து எண்ணியிருப்பேன், எனக்கு எண்ணத் தெரியாதா என்று நீளமாக எழுதினேன். அவள், "இன்னொரு தடவை வரைஞ்சு பாருங்களேன்" என்றாள். அவள் தப்பு என்று காட்டுவதற்காகவே வரைந்தேன். புள்ளிகளைச் சம இடைவெளியில் வைத்தால் முப்பது வந்தது, ஏனென்றால் நடுவில் மூன்று கோடுகள் ஒரே இடத்தில் சேர்ந்து ஒரு துண்டை விழுங்கிவிடுகின்றன. கொஞ்சம் தள்ளித் தள்ளி வைத்தால் முப்பத்தொன்று. எப்படி வைத்தாலும் முப்பத்திரண்டு வரவில்லை.

அன்று சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. கணக்கு தப்பாகப் போனது பெரிதில்லை. பரிசோதனைக் கூடத்தில் புதிதாக வரும் பெண்களிடம் நான் முதல் நாளே சொல்வது, "மைக்ராஸ்கோப்புல என்ன தெரியுதோ அதை எழுது. என்ன இருக்கணும்னு நீ நினைக்கிறியோ அதை எழுதாத. அந்தப் பக்கம் ஒரு உசுரு இருக்கு." அப்படிச் சொல்லிச் சொல்லியே வேலை பார்த்தவள், முப்பத்தொன்றைக் கண்ணால் பார்த்துவிட்டு முப்பத்திரண்டு என்று எழுதியிருக்கிறேன். வரிசை அவ்வளவு அழகாக வந்துகொண்டிருந்தது. அதைக் கெடுக்க மனம் வரவில்லை. சாயங்காலம் குழுவில், "நான் எண்ணியது 31. எழுதியது 32. ஷோபனா சொன்னது சரி" என்று போட்டேன். என்னைக் கிழித்துத் தொங்கவிடுவார்கள் என்று நினைத்தேன். அந்த துபாய்க்காரர், "மேடம், நானும் 31 எண்ணிட்டு 32ன்னுதான் எழுதி வெச்சிருந்தேன். போடத்தான் தைரியம் வரல" என்று எழுதினார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். அப்படித்தான் எனக்கு அந்த இடம் சொந்தமானது. அங்கே தப்பாகப் போடலாம். தப்பாகப் போட்டுவிட்டு மறுநாள் காலையில் தலை காட்டலாம்.

இனி உன் போன். என் பக்கத்தில் இருந்து எப்படி இருந்தது என்று சொல்கிறேன். மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே விமானப்படைப் பயிற்சி விமானம் போய்க்கொண்டிருந்ததால் நீ சொன்னது முதலில் காதில் விழவில்லை. "என்னப்பா, சத்தமா சொல்லு" என்றேன். அந்தச் செய்தியைப் போய் உன்னை இரண்டாம் முறை சத்தமாகச் சொல்ல வைத்தேன். "நான் விட்டுட்டேன்மா. பி.எச்டி.ய விட்டுட்டேன்" என்றாய். எப்போது என்று கேட்டேன். சொன்னாய். எனக்கு உடனே ஞாபகம் வந்தது, அதற்குப் பிறகும் நீ எனக்கு முடிச்சுகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாய். ஞாயிறு தவறாமல். "ஏண்டா அப்பவே சொல்லல?" என்றேன். நீ சொன்ன பதிலை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன்: "நீங்க அவ்ளோ சந்தோஷமா இருந்தீங்கம்மா. அந்தக் கணக்கைப் பார்க்கவே முடியாம, காலைல யுனிவர்சிட்டிக்குப் போகாம ரூம்லயே கிடப்பேன். ஆனா உங்ககிட்ட பேசுறப்போ மட்டும் நல்லா இருந்துச்சு. விட்டுட்டேன்னு சொன்னா அதுவும் போயிடும்னு பயமா இருந்துச்சு."

அதற்குத்தான் நான் குக்கர் விசில் என்றேன்.

எனக்குக் கோபம் வரவில்லை என்று எழுதினால் அது மறுபடியும் முப்பத்திரண்டு. வந்தது. என்னை ஏமாற்றிவிட்டான் என்று ஒரு கோபம். பக்கத்து வீட்டிலும் சொந்தக்காரர்களிடமும் 'ஆராய்ச்சி பண்றான்' என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பெருமை போயிற்றே என்று ஒரு சின்னத்தனமான கோபம். பள்ளியில் முதல், கல்லூரியில் முதல், அயல்நாட்டில் இடம். அடுத்தது என்ன என்று நானே எண்ணாமல் எழுதி வைத்திருந்தேன். அப்பாவிடம் சொன்னபோது அவர் டிவியை நிறுத்தினார். அவர் டிவியை நிறுத்துவது உனக்கே தெரியும், அபூர்வம். "வுட்டான்னா வுட்டான். இன்னா இப்போ? ஜெயில்லயா கீறான்? வேல கீது, சோறு துன்றான். ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே? அத்த கேட்டியா நீ?" என்றார். நான் கேட்கவில்லை. "கேக்காம இன்னாத்துக்கு அழுவுற?" என்று சொல்லிவிட்டு மறுபடி டிவியைப் போட்டார். ஆனால் சத்தத்தை வைக்கவில்லை. நெடுநேரம் சத்தமில்லாமலே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் குழுவைத் திறப்பதை நிறுத்திவிட்டேன். பையனே விட்டுவிட்டான், நமக்கு எதற்கு என்று தோன்றியது. சனிக்கிழமைகளில் போனை அலமாரியில் வைத்துவிட்டுக் கோயில் குளத்தைச் சுற்றி நடந்தேன். ஷோபனா மூன்று நான்கு செய்திகள் அனுப்பினாள், பதில் போடவில்லை. ஒரு நாள் காலையில் வாசலில் வந்து நின்றாள். அதற்கு முன்னால் அவளை நேரில் பார்த்ததே இல்லை. "மேடவாக்கத்துல இருந்து வர்றதுக்குள்ள உயிரே போயிடுச்சு ஆன்ட்டி. ரோட்ட அடைச்சுக்கிட்டு ரெண்டு தண்ணி லாரி. பொண்ணுங்கள ஸ்கூல்ல விட்டுட்டு அப்படியே வந்துட்டேன். உடம்பு சரியில்லையோன்னு பயந்துட்டேன். ரிப்போர்ட் பார்க்குற ஆன்ட்டி வீடு எதுன்னு கேட்டேன், காட்டிட்டாங்க" என்றாள். குரலை வைத்துப் பெரிய உருவமாக நினைத்திருந்தேன். ஒல்லியாக, என் தோள் உயரத்துக்குத்தான் இருந்தாள்.

காப்பி கொடுத்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு, "நானும் விட்டவதான் ஆன்ட்டி" என்றாள். அவளும் கணக்கில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்து பாதியில் வெளியே வந்தவளாம். எனக்குத் தெரியாது. "குழந்தைக்காகவா?" என்று கேட்டேன். "எல்லாரும் அப்படித்தான் நினைச்சுக்கிறாங்க. அப்போ கல்யாணமே ஆகல. தினம் காலைல அந்தக் கட்டடத்துக்குள்ள போக முடியாம வாசல்லயே நிப்பேன். அவ்ளோதான். கணக்கு பிடிக்காமப் போகல. அதுல ஜெயிச்சே ஆகணும்ங்கிறதுதான் என்னால முடியல." பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாள்: "எங்க அம்மா இன்னும் சொந்தக்காரங்ககிட்ட சொல்லல. எங்க பெரியம்மாவுக்கு நான் இன்னும் படிச்சிட்டு இருக்கேன். ஒவ்வொரு கல்யாணத்துலயும் 'எப்ப முடியும்'னு கேப்பாங்க. நான் 'சீக்கிரம் பெரியம்மா'ம்பேன்." சிரித்த வாய் சிரித்தபடியே இருந்தது, கண் மட்டும் கலங்கிவிட்டது. தம்பி, அவளுக்கே இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். இன்னும் அவள் அம்மாவுக்காகப் படித்துக்கொண்டிருக்கிறாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். உன் கையைப் பிடித்திருக்க வேண்டியது அது.

போகும்போது கேட்டாள், "அது சரி, நீங்க ஏன் நிறுத்திட்டீங்க?" "அவனே இல்லையேம்மா, அப்புறம் எதுக்கு?" என்றேன். "அவனுக்காக மட்டும்தான் போட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டே, "அந்த 31 எதனாலன்னு யாரும் இன்னும் சொல்லல. சும்மா சொன்னேன்" என்றாள். வேண்டுமென்றே சொன்னாள், கெட்டிக்காரி. ஏனென்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? விடையை நேராகச் சொல்லக் கூடாது என்ற சட்டத்தை என் வாசலிலும் காப்பாற்றிவிட்டுப் போனாள்.

அது என்னை விடவில்லை. பீன்ஸ் நறுக்கும்போதும், பாங்கில் அப்பாவோடு காத்திருக்கும்போதும், வட்டம்தான். முதலில் வெறும் வட்டம், ஒரு துண்டு. ஒரு கோடு போட்டால் ஒரு துண்டு கூடுகிறது. அந்தக் கோடு வழியில் வேறொரு கோட்டைக் குறுக்கே வெட்டினால், ஒவ்வொரு வெட்டுக்கும் இன்னொரு துண்டு கூடுகிறது. ஆகவே ஒன்று, அதோடு கோடுகளின் எண்ணிக்கை, அதோடு வெட்டுமிடங்களின் எண்ணிக்கை. அவ்வளவுதான்! ஆறு புள்ளிக்குக் கோடுகள் பதினைந்து. வெட்டுமிடங்கள்? எந்த நான்கு புள்ளிகளை எடுத்தாலும் அவற்றுக்கிடையில் ஒரே ஒரு வெட்டுத்தான். ஆறில் நான்கைப் பதினைந்து விதமாக எடுக்கலாம், அதனால் அதுவும் பதினைந்து. ஒன்றும் பதினைந்தும் பதினைந்தும் முப்பத்தொன்று. அது எந்தக் காலத்திலும் இரட்டித்துக்கொண்டு போகவே இல்லை. முதல் ஐந்து வரைக்கும் தற்செயலாக அப்படித் தோன்றியது, அதற்குள் நாங்கள் எல்லோரும் அதற்கு ஒரு எதிர்காலத்தையே எழுதிவிட்டோம். பாங்கில் டோக்கன் எண் கூப்பிட்டது காதில் விழாமல் நான் உட்கார்ந்திருக்க, அப்பா தோளைத் தட்டி, "இன்னா, திரும்பவும் ஆரம்பிச்சுட்டியா?" என்றார். முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. இத்தனை நாள் நான் கணக்குப் போடாமல் இருந்ததில் அவரும் தவித்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.

அதனால் முதலில் இதைத் தெரிந்துகொள். நான் கணக்கை உனக்காக ஆரம்பித்தேன். இப்போது எனக்காகப் போடுகிறேன். நீ விட்டதால் என்னிடமிருந்து எதையும் பிடுங்கிக்கொண்டு போகவில்லை. உன்னைத் தேடிக்கொண்டுதான் கணக்கு என்கிற அந்த வீட்டுக்குள் போனேன். உள்ளே எனக்குப் பிடித்துவிட்டது, நான் இருக்கிறேன். நீ வெளியே போக வேண்டும் என்றால் என்னைப் பார்த்துக்கொண்டு வாசலில் தயங்கி நிற்காதே. என்றைக்காவது திரும்பி வரத் தோன்றினால் வா. தோன்றவில்லை என்றால் அதற்கும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் நானே சொல்லிவிட்டேன். உன் சித்தி, "ஐயோ பாவம்" என்றாள். "எதுக்குப் பாவம்? ஆஸ்பத்திரிக்கு வேல பண்றான், நானும் வாழ்நாளெல்லாம் அதைத்தான் பண்ணேன்" என்றேன்.

இன்னொன்று. நாளைக்கு உன் வேலையிலும், நீ கட்டிக்கொள்ளப் போகும் பெண்ணிடமும், உனக்குப் பிறக்கப்போகும் பிள்ளையிடமும், எல்லாம் அழகாக வரிசையில் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு நாள் முப்பத்தொன்று வரும். அதை அப்படியே சொல்லிவிடு. கேட்கிறவர் முகம் வாடும்தான். எதிரில் இருப்பவர் சந்தோஷமாக இருக்கிறார் என்பதற்காக உன் வலியை ஒளித்து வைக்காதே. என் சந்தோஷம் அவ்வளவு சீக்கிரம் உடையக்கூடிய சாமான் இல்லை. உடைந்தாலும் அது உன் பொறுப்பு இல்லை. நான் பெரியவள். எனக்கு உன் அப்பா இருக்கிறார், ஷோபனா இருக்கிறாள், துபாயில் கிரேன் ஓட்டுகிற அந்த மனிதர்கூட இருக்கிறார்.

போன சனிக்கிழமை குழுவில் பக்கத்தில் இருப்பவர்கள் நேரில் கூடினோம். மேற்குத் தாம்பரத்தில் ஒரு டியூஷன் சென்டரின் மாடி. பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். 31 எதனால் என்று நான் சொல்ல வேண்டும் என்று ஷோபனா முடிவு பண்ணிவிட்டாள். சாக்பீஸால் ஒரு பெரிய வட்டம் போட்டு ஆரம்பித்தேன். சொல்லி முடித்ததும், "அப்போ ஏழுக்கு?" என்றார் ஒருவர். போட்டோம், ஐம்பத்தேழு. எட்டுக்குத் தொண்ணூற்றொன்பது. பின்னால் இருந்து ஒரு பெண், "புள்ளிகளை எப்படி வெச்சா துண்டு ரொம்பக் குறையும்? எப்பவும் சம இடைவெளிதானா?" என்று கேட்டாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "தெரியலை" என்றேன். அந்த வார்த்தையை அத்தனை பேர் முன்னால் நின்று, குரல் இறங்காமல், வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்னேன். உடனே நாற்காலிகளை இழுத்துக்கொண்டு எல்லோரும் மேஜையைச் சுற்றி வந்துவிட்டார்கள். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து எனக்கும் இடம் விட்டார்கள். ஆளுக்கொரு வட்டம், ஆளுக்கொரு தப்பு. யாரோ டீ வாங்கி வந்தார்கள்.

கீழே இறங்கி வந்தபோது ஸ்டேஷன் பக்கம் கூட்டமான கூட்டம். அப்பா ஸ்கூட்டரோடு வரும்வரை ஒரு பழக்கடை ஓரமாக நின்றேன். மனம் நிறைந்திருந்தது. அப்போதுதான் உன் நினைப்பு வந்தது, வேறு மாதிரி வந்தது. நான் தப்பாக எழுதியபோது எனக்கு ஒரு கூட்டமே இருந்தது. நான் பேசாமல் இருந்தபோது வாசலுக்கு ஒருத்தி வந்தாள். நீ அந்த ஊரில், காலையில் பல்கலைக்கழகத்துக்குப் போகாமல் அறையிலேயே கிடந்த நாட்களில், உன் கதவை யாராவது வந்து தட்டினார்களா? உன் தப்பையும் பயத்தையும் காட்ட ஒரு ஆளாவது பக்கத்தில் இருந்தாரா?

அன்று துணியைப் பிடித்துக்கொண்டு மாடியில் நின்றபோது நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான் கண்ணா. இப்போது கேட்கிறேன். பார்த்ததை அப்படியே எழுது.

உன் அம்மா